கம்பிச் சுருளுக்கு வெளியே

சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து சில வாரங்களில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்படி அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டவள் நான் மட்டும் இல்லை. சிப்பாய்கள் வீடு வீடாக ஏறி இளம்பெண்களைத் தேடுகிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. கழுத்தில் தாலி இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று பெற்றோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் சிராங்கூன் சாலைக் கோவிலில் அந்த மாதங்களில் மேளம் இல்லாமல், பந்தல் இல்லாமல் எத்தனையோ கல்யாணங்கள் நடந்தன.

நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பதைவிட, படிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது என்பது சரி. கல்லூரிக் கட்டடத்தில் ராணுவம் குடியேறிவிட்டது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். கோலாலம்பூரில் கணக்காளராக இருந்த எங்கள் ஆள் ஒருவருக்கு என்னைப் பேசி வைத்திருந்தார் அப்பா. போர் வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை.

அந்த நிலையில்தான் ஒரு நாள் கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மேலே படித்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோதனைக்கூடத்தில் எனக்கும் அவருக்கும் ஓயாத வாக்குவாதம் நடக்கும். அதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். அப்பா அவரை உட்காரச் சொல்லி வெந்நீர் கொடுத்தார். வீட்டில் தேயிலை இல்லை.

“தம்பி, உமக்கு ஆர் இருக்கினம்?”

“இங்க யாரும் இல்லங்க. அப்பா செம்பவாங் டாக்யார்டுல வேல பாத்தாரு. குண்டு விழுந்தப்போ போயிட்டாரு. அம்மா ஊர்ல இருக்காங்க. கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு.”

அப்பா அவர் குவளையில் மறுபடி வெந்நீர் ஊற்றினார். பிறகு, “என்ட மகளைக் கட்டுவீரோ?” என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

“நாங்க வேற ஆளுங்க ஐயா. ஒங்க சொந்தக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க.”

“சொந்தக்காரர் ஆர் மிஞ்சியிருக்கினம் எண்டே தெரியேல்லை. நான் உம்மைத்தான் கேக்கிறன்.”

“மொதல்ல அவங்கள கேட்டீங்களா?”

அப்பா கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, இஞ்ச வா. எல்லாம் கேட்டுக்கொண்டுதானே நிண்டனி. இனி நீதான் சொல்ல வேணும்.”

நான் ஓம் என்றேன். ஏன் சொன்னேன் என்று பின்னால் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வாக்குவாதத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, என் பதிலுக்காக அவர் காத்திருப்பார். கல்லூரியில் வேறு எந்த ஆணும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. கீழே மாவு மில் இருந்த இடம் பூட்டிக் கிடந்தது. பின்பக்கத்தில் ஓர் இரும்புச் சுழற்படி சந்துக்கு இறங்கும். ஊருக்கு சியோனான் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னதால், காலை ஏழு மணி என்று கடிகாரம் காட்டும்போது வெளியே நல்ல இருட்டாக இருக்கும். அரிசி குறைந்துகொண்டே வந்து, மரவள்ளிக்கிழங்குதான் சோறு என்றாகிவிட்டது. கிழங்கை அவித்தோம், மாவாக்கினோம், ரொட்டி சுட்டோம். எதைச் செய்தாலும் அது கிழங்காகவே இருந்தது.

அவருக்கு ஒரு ரேடியோ பட்டறையில் வேலை கிடைத்தது. சீனர் ஒருவருக்குச் சொந்தமான கடை அது. இப்போது ஜப்பானிய மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் நடந்தது. ரேடியோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சிற்றலை பிடிக்கும் கம்பிச் சுருளை வெட்டி எடுத்து, பெட்டிக்கு முத்திரை வைத்துத் திருப்பித் தருவார்கள். அதன் பிறகு அந்தப் பெட்டியில் உள்ளூர் நிலையம் மட்டும்தான் கேட்கும். வெளிநாட்டுச் செய்தி கேட்டால் தலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

“நாள் பூரா சுருள வெட்டிக்கிட்டு இருக்கேன். இதுக்குத்தான் படிச்சேன் போல” என்று ஒரு முறை சொன்னார். வேறு எதுவும் புலம்ப மாட்டார்.

மாலையில் கிழங்கு உரிக்க உட்காரும்போது எங்கள் பழைய வாக்குவாதம் தொடரும். அது எதைப் பற்றியது என்று இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

மின்சாரமும் காந்தமும் ஒரு பொருளைத் தள்ளுகிறதோ இழுக்கிறதோ, அந்தத் தள்ளலும் இழுப்பும் பரவியிருக்கும் இடத்தைப் புலம் என்கிறோம். புலத்தைக் கணக்கிட வசதியாகப் பொட்டென்ஷியல் என்று ஒன்றை வைத்துக்கொள்வார்கள். இன்று பள்ளிப் புத்தகத்தில் மின்னழுத்தம் என்று வருகிறதே, அது இதில் ஒரு பாதி. காந்தத்துக்கும் இதுபோல ஒன்று உண்டு. புலத்தை அளக்கலாம், உணரலாம். பொட்டென்ஷியலை நேராக அளக்க முடியாது. அது காகிதத்தில் மட்டும் இருக்கும் வசதி என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆனால் அணுவைப் பற்றிய புதிய குவாண்டம் கணிதத்தில், எலக்ட்ரானுக்கான சமன்பாட்டில் புலம் இல்லை, பொட்டென்ஷியல்தான் உட்கார்ந்திருக்கிறது. போருக்கு முன் ஒரு விரிவுரையாளர் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு அது மனத்தில் தைத்துவிட்டது.

“சமன்பாட்டுல அது இல்லாம எழுதவே முடியலன்னா, அது எப்படி வெறும் வசதியா இருக்கும்?” என்பார் அவர்.

“இந்தச் சுழற்படியிலை கீழையிருந்து ஒண்டு ரெண்டு எண்டு எண்ணலாம். மேலையிருந்தும் எண்ணலாம். எப்பிடி எண்ணினாலும் ஏறுற கஷ்டம் ஒண்டுதான். எண் எங்கடை இஷ்டம். கஷ்டம்தான் உண்மை” என்பேன் நான். பொட்டென்ஷியலின் மதிப்பை நம் விருப்பப்படி கூட்டலாம், மாற்றலாம், புலம் மாறாது. நம் விருப்பப்படி மாறுகிற ஒன்று இயற்கையில் எப்படி இருக்கும் என்பது என் கட்சி.

ஒரு மாலை அவர் கிழங்குத் தோலைக் கையில் சுருட்டிக்கொண்டு யோசித்தார். “நீளமா, நெருக்கமா ஒரு கம்பிச் சுருள் சுத்துறோம். கரண்ட் விட்டா காந்தப் புலம் முழுக்க உள்ளேயே அடங்கிடும். வெளியில ஒண்ணும் இல்ல. ஆனா பொட்டென்ஷியல் வெளியிலயும் இருக்கு. சரிதானே?”

“சரி.”

“எலக்ட்ரான் அலைய ரெண்டாப் பிரிச்சு, பாதிய சுருளுக்கு இந்தப் பக்கம், பாதிய அந்தப் பக்கம் அனுப்பி, மறுபடி சேக்கிறோம். எலக்ட்ரான் புலத்த தொடவே இல்ல. உள்ள கரண்ட் ஓடுதா இல்லையான்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தொடாத ஒண்டு எப்பிடித் தெரியும்?”

“தெரியும்னு எனக்குத் தோணுது” என்றார். ஏன் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை அவருக்கு. தாளும் இல்லை, புத்தகமும் இல்லை. பேச்சு அந்த இடத்தில் நின்றது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு நண்பகலில், பட்டறைச் சொந்தக்காரர் பின்படி வழியாக ஏறி வந்தார். தடித்த மனிதர். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மலாயில் சொன்னார்: ராணுவப் போலீஸ் காலையில் வந்தது, உன் வீட்டுக்காரரைக் கொண்டுபோய்விட்டது. முத்திரை வைத்து அனுப்பிய ஒரு பெட்டியில் சிற்றலை கேட்டிருக்கிறது, அந்த முத்திரை வைத்தது உன் வீட்டுக்காரர் கை. இவ்வளவையும் தரையைப் பார்த்தபடியே சொன்னார். போகும்போது, ஒரு பொட்டலம் சர்க்கரையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் சர்க்கரையைப் பார்ப்பதே அரிது. துக்க வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் இருந்தது எனக்கு. அதை நான் பிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரரை வைத்திருந்த கட்டடம் நகரத்தின் நடுவில் இருந்தது. போருக்கு முன் அந்தப் பக்கம் நாங்கள் சாதாரணமாக நடந்து போயிருக்கிறோம். இப்போது அதன் எதிர்ப்புறம் வந்தாலே ஆட்கள் நடையை மாற்றிக்கொண்டார்கள். காலையில் கிழங்கை அவித்துத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்துப் போவேன். காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க வேண்டும். சில நாள் பாத்திரத்தை வாங்கிக்கொள்வான். சில நாள் கையசைத்து விரட்டுவான். அங்கே என்னைப் போலப் பாத்திரத்தோடு சீனப் பெண்கள் நின்றிருப்பார்கள். நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. உள்ளேயிருந்து சத்தம் கேட்கும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் தலை குனிந்துகொள்வோம்.

அப்பா வந்து கூப்பிட்டார். “வா பிள்ளை, வீட்டை போவம். இஞ்ச தனிய என்னெண்டு இருப்பாய்?”

“அவர் வந்தா இஞ்சதானே வருவார் அப்பா.”

அப்பா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தினமும் பகலில் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

அந்த நாட்களில்தான் நான் அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தேன். கை சும்மா இருந்தால் காலையில் கேட்ட சத்தம் காதில் திரும்ப வரும். அடுப்புக்கரியை எடுத்து சிமெண்டுத் தரையில் எழுதினேன். அவர் சொன்னது தவறு என்று காட்டுவதுதான் என் எண்ணம். அதில் ஒரு கிறுக்குத்தனமும் இருந்தது. தவறு என்று நிரூபித்துவிட்டால் அதைச் சொல்ல அவர் வந்தாக வேண்டும் என்பதுபோல.

சமன்பாடு பாதிதான் நினைவில் இருந்தது. மீதியை வருவித்துக்கொள்ள நாட்கள் ஆயின. தவறாக எழுதுவேன், ஈரத் துணியால் துடைப்பேன். அப்பா காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இடம் விடுவார். என்ன எழுதுகிறாய் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் போகிற அலைகள் மறுபடி சேரும் இடத்தில் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். பொட்டென்ஷியலை என் விருப்பப்படி மாற்றிப் பார்த்தேன். இடப்பக்க அலையின் கணக்கு மாறியது. வலப்பக்க அலையின் கணக்கும் மாறியது. நான் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் இரண்டும் ஒரே அளவுக்கு மாறின. அவற்றுக்கு இடையில் இருந்த வித்தியாசம் அசையவில்லை. வேறு விதமாக மாற்றினேன். அப்போதும் அசையவில்லை. சுருளுக்குள் அடைந்து கிடக்கும் காந்தப் புலம் மொத்தம் எவ்வளவோ, அதை மட்டும் பொறுத்து அந்த வித்தியாசம் நின்றது. எலக்ட்ரான் ஒருபோதும் தொடாத புலம் அது. என் விருப்பத்துக்கு மாறாத ஒன்று பொட்டென்ஷியலுக்குள் இருந்தது. சுருளைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தால்தான் அது கண்ணில் படும்.

கரியைக் கீழே வைத்தேன். அவர் சொன்னது சரி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதைச் சொல்ல ஆள் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, இனி இந்தப் பகல்களில் செய்ய எதுவும் இல்லை என்று தோன்றியது. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

“என்ன பிள்ளை?” என்றார் அப்பா.

“கணக்கு முடிஞ்சுது அப்பா.”

“சரி” என்றார். எழுந்து வந்து என் தலையில் கை வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் ஒரு மழை நாளில் திரும்பி வந்தார். முன்படி வழியாகத்தான் வந்தார். ஏறும் சத்தம் அவருடையதாக இல்லை. அதனால் நான் கதவைத் திறக்கவே தயங்கினேன். அவர் உடம்பைப் பற்றி எழுதப் போவதில்லை. அவர் அதை விரும்ப மாட்டார். இடது காது கேட்கவில்லை, அந்தக் காது பிறகு திரும்பி வரவே இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு நாள் தூங்கினார். விழித்தபோது வலது காது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

“நீங்கள் சொன்னது சரியெண்டு கணக்கு சொல்லுது.”

“எது?”

“சுருள் கணக்கு. புலத்தைத் தொடாமலே எலக்ட்ரானுக்குத் தெரியும். நான் போட்டுப் பாத்தன்.”

என்னையே பார்த்தார். கண்ணில் எதுவும் நகரவில்லை. “கொஞ்சம் தண்ணி குடு” என்றார். குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். நான் தரையைக் கழுவிவிட்டேன்.

அவர் எப்படி வெளியே வந்தார் என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. மாலை வெளிச்சத்தில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார். அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் புக்கிட் மேரா பக்கம் இருந்த ஒரு சீனப் பள்ளி ஆசிரியர். என் வீட்டுக்காரர் சுருளைச் சரியாகத்தான் வெட்டியிருந்தார். அந்த ஆசிரியர் வீட்டில் கிடந்த கம்பியை எடுத்துத் தானே புதிதாக ஒரு சுருள் சுற்றிப் போட்டிருக்கிறார். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்து விசாரித்தார்கள்.

“அவரு எம் பேர சொல்லியிருக்கலாம். சொல்லச் சொல்லித்தான் அடிச்சாங்க. நாந்தான் சுத்தினேன், நாந்தான் சுத்தினேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும்.” கொஞ்சம் நிறுத்தினார். “அவரு மொகத்த நான் பாத்ததே இல்ல.”

“அவர்?”

“கடைசியா ஒரு நாள் சத்தம் கேக்கல. அடுத்த நாளு என்ன விட்டுட்டாங்க.”

நான் அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டேன். கிழங்கை நானே உரித்தேன்.

போர் முடிந்தது. கல்லூரி திறந்தபோது நான் போய் மீதிப் படிப்பை முடித்தேன். அவர் போகவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “நீ படி. எனக்கு வேணாம்” என்றதோடு சரி. மின்சார வேலையில் சேர்ந்தார். தெருவிளக்கு, துணைமின்நிலையம் என்று ஊர் முழுக்க அலைந்து, ஓய்வு பெறும்வரை அதிலேயே இருந்தார். நான் பெண்கள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தேன். அந்த ஆசிரியரின் வீட்டைத் தேடி அவர் ஒரு முறை புக்கிட் மேராவுக்குப் போனார் என்று எனக்குத் தெரியும். அங்கே கம்பம் என்று சொல்கிற பழைய கிராமத்து வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. விசாரிக்க யாரும் இல்லை என்று திரும்பிவிட்டார்.

இயற்பியல் பேச்சு எங்கள் வீட்டில் இல்லாமல் போனது. சண்டை எதுவும் இல்லை. பிள்ளைகள், சமையல், வேலை என்று மற்ற எல்லாம் பேசினோம். நான் கணக்குப் போட்டுப் பல வருடங்கள் ஆன பிறகு, வெளிநாட்டில் இரண்டு பேர் இதே கேள்வியை முறையாக எழுதினார்கள். அவர்களுக்கு முன்பும் சிலர் இதைத் தொட்டிருந்தார்கள் என்று பின்னால் அறிந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் அந்தக் கட்டுரையைப் படித்தபோது என் தரை ஞாபகம் வந்தது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். கரியால் எழுதித் துடைத்தது ஒரு கண்டுபிடிப்பு ஆகாது. வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கணக்கு அவருக்கு எந்தக் கட்டடத்தை ஞாபகப்படுத்தும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கட்டுரையை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சோதனை செய்து காட்டிய பிறகும், புலம் கொஞ்சம் வெளியே கசிந்திருக்கும், அதைத்தான் எலக்ட்ரான் தொட்டிருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். எண்பதுகளில்தான் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. மிகச் சிறிய காந்த வளையம் ஒன்றைச் செய்து, புலம் துளியும் கசியாதபடி மூடி, அதன் உள்ளும் புறமும் எலக்ட்ரான் அலையை விட்டுப் படம் எடுத்தார்கள். அலைகள் சேர்ந்து படத்தில் கருப்பும் வெளுப்புமாக விழுந்த வரிகளில், வளையத்துக்கு வெளியே ஓடியவையும் துளைக்குள் ஓடியவையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் தள்ளி நின்றன. புலத்தைத் தொடாமலே எலக்ட்ரானுக்குத் தெரிந்திருந்தது. செய்தவர்கள் ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள்.

அப்போது நாங்கள் ஆங் மோ கியோவில் இருந்தோம். அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சோதனைக் கட்டுரையின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு சில நாள் யோசித்தேன். பிறகு ஒரு காலை, காப்பி குடிக்கும்போது, அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜப்பானில் செய்தது என்பதையும் சொன்னேன்.

அவர் முகம் இறுகியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நகலை மடித்து வைக்கப் போனேன்.

“படம் இருக்கா?” என்றார்.

கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“இவங்கெல்லாம் அப்போ பொறந்தே இருக்க மாட்டாங்க, இல்லன்னா சின்னப் புள்ளைங்க” என்றார். பிறகு, “இத யாரு மொதல்ல கணக்குப் போட்டா?”

வெளிநாட்டு ஆட்களைச் சொன்னேன். சற்றுத் தயங்கி, “நானும் ஒருக்காப் போட்டனான். நீங்கள் உள்ளை இருந்தப்ப. நீங்கள் வந்த உடனை சொன்னனே” என்றேன்.

“எங்கிட்டயா?”

“ஓம்.”

“எனக்கு ஞாபகம் இல்ல லா” என்றார். குரல் மெதுவாக இருந்தது. “அந்த நாளே எனக்கு இல்ல. வீட்டுக்கு எப்படி வந்தேன்னே தெரியாது.”

இத்தனை வருடங்களாக அவர் அதை ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அது அவரிடம் வந்து சேரவே இல்லை.

“காட்டு” என்றார்.

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். சுருள், இரண்டு பாதைகள், சேரும் இடம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தொடர்ந்து வந்தார். சில இடங்களில் நிறுத்தச் சொல்லி, உதடசைய மனத்துக்குள் சரிபார்த்தார். நான் காத்திருந்தேன். காப்பி ஆறிப்போனது. கடைசி வரிக்கு முந்தின வரியில் விரலை வைத்தார்.

“எலக்ட்ரான்தானே? அதோட மின்னூட்டம் நெகட்டிவ். இங்க மைனஸ் வரணும்.”

பார்த்தேன். வர வேண்டியதுதான். போட்டேன்.